கண்ணாடி இல்லாத லிஃப்ட்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை சர்ச் பூசைக்குப் போவதற்காக ஒன்பதாம் மாடியிலிருந்து கீழே இறங்கினேன். லிஃப்டின் கண்ணாடியில் முந்தானையைச் சரிசெய்துகொண்டேன். தரைத்தளத்தில் கதவு திறந்தது. வெளியே கால் வைத்தவள் அப்படியே நின்றுவிட்டேன்.

எதிரே, சர்வீஸ் லிஃப்டுக்கு முன்னால் நீளமாக ஒரு வரிசை. முப்பது பேராவது இருப்பார்கள். எல்லாரும் எங்கள் குடியிருப்புப் பிள்ளைகள். கல்லூரியில் படிப்பவர்கள், புதிதாக வேலையில் சேர்ந்தவர்கள், ஞாயிறு என்றால் பதினோரு மணிக்கு முன்னால் கண் விழிக்காதவர்கள். அன்று குளித்துத் தலைவாரி, கழுத்தில் மஞ்சள் அட்டை மாட்டிக்கொண்டு ஒருவர் பின் ஒருவராக நின்றிருந்தார்கள். வீட்டு வேலைக்கு வரும் பெண்களுக்கு எங்கள் சங்கம் கொடுக்கிற அட்டை அது.

வரிசையில் முதல் ஆள் என் மகள் ஜெனி. அட்டையில் அவள் படம், பெயர், அதற்குக் கீழே ‘சமையல்’ என்று இருந்தது. ஜெனிக்கு வெந்நீர் வைக்கத் தெரியும். அதற்கு மேல் கேட்கக் கூடாது.

“என்னடி இது?” என்றேன்.

“மம்மி, நீங்க இந்தப் பக்கம் வரக் கூடாது. இது எங்களுக்கு ஒதுக்கின லிஃப்ட். எங்க வசதிக்காக.”

கடைசி இரண்டு வார்த்தைகளை அவள் நிறுத்திச் சொன்னாள். அவை என்னுடைய வார்த்தைகள்.

நோட்டீஸ் எழுதும் கை

இந்தத் தொடரை முதலிலிருந்து படித்து வருகிறவர்களுக்கு என் நோட்டீஸ் பைத்தியம் தெரியும். கன்டோன்மென்ட் பக்கத்துப் பள்ளி ஒன்றில் முப்பது வருடம் இங்கிலீஷ் டீச்சராக இருந்தேன். பள்ளியில் ஒரு நோட்டீஸ் ஒட்ட வேண்டுமென்றால் ஹெட்மிஸ்ட்ரஸ் என்னைத்தான் கூப்பிடுவார். கோபத்தைக்கூட மரியாதையாக எழுதித் தருவேன். ஃபீஸ் கட்டாத பிள்ளையின் அப்பா என் கடிதத்தைப் படித்துவிட்டு நன்றி சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

ஓய்வு பெற்றதும் ஜெனியின் ஆபீசுக்குப் பக்கம் என்று வைட்ஃபீல்டுக்கு வீடு மாறினோம். குடியிருப்பில் என் புகழ் எப்படியோ பரவி, இரண்டாவது வருடமே என்னைச் சங்கத்துக்குச் செகரட்டரி ஆக்கிவிட்டார்கள். எனக்கு உச்சி குளிர்ந்துபோனது, மறைப்பானேன்.

எங்கள் டவரில் மூன்று லிஃப்ட். இரண்டில் கண்ணாடி, மின்விசிறி, மெல்லிய வாசனை. மூன்றாவதில் கண்ணாடி கிடையாது. சுவரில் பிளைவுட் பலகை அடித்திருக்கும். குப்பைத் தொட்டி, கட்டில், நாய், சிமென்ட் மூட்டை எல்லாம் அதில்தான் போகும். கண்ணாடி லிஃப்டுகளைப் புதுப்பித்த கையோடு, வேலைக்கு வரும் பெண்களும் அந்த மூன்றாவதில்தான் போக வேண்டும் என்று கமிட்டியில் சிலர் ஆரம்பித்தார்கள். காரணமாக வியர்வை என்றார்கள், பினாயில் வாடை என்றார்கள். எழுதித் தரும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

‘வேலைக்காரர்கள் ஏறக் கூடாது’ என்று ஒருவர் சொன்ன வரியை நான் அடித்தேன். ‘நம் உதவியாளர்களின் வசதிக்காகத் தனி லிஃப்ட் ஒதுக்கப்பட்டுள்ளது’ என்று எழுதினேன். அடுத்த பத்தியில், வேலை முடிந்து போகும்போது கேட்டில் பையைத் திறந்து காட்டி ‘ஒத்துழைக்குமாறு’ கேட்டுக்கொண்டேன். மூன்றாவது பத்தியில், விதியை இரண்டாம் முறை மீறினால் பாஸ் முடக்கப்படும். கமிட்டியில் எல்லாரும் கை தட்டினார்கள். எவ்வளவு அழகாக எழுதிவிட்டீர்கள் டீச்சர் என்றார் தலைவர்.

அழகாகத்தான் எழுதியிருந்தேன். அதை இன்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

கோவிந்தம்மா

கோவிந்தம்மா திருப்பத்தூர் பக்கத்துக்காரர். இருபது வருடமாக வைட்ஃபீல்டில்தான் இருக்கிறார். எங்கள் டவரில் ஐந்து வீட்டுக்குச் சமையல். எங்கள் வீடு ஒன்று, பதினான்காம் மாடியில் இரண்டு, மற்றவை நடுவில். அவர் வைக்கிற கத்தரிக்காய்க் காரக்குழம்புக்கு ஜெனி தட்டை வழித்துச் சாப்பிடுவாள்.

சர்வீஸ் லிஃப்டுக்கு ஒரு பழக்கம் உண்டு. மழை பெய்தால் நின்றுவிடும். அந்த மழைக்காலத்தில் மூன்று நாள் நின்றது. கோவிந்தம்மாவுக்கு வலது முட்டி வீங்கியிருந்தது. முதல் நாள் பதினான்கு மாடியும் படியேறினார். இரண்டாம் நாள் கண்ணாடி லிஃப்டில் ஏறியபோது யாரோ புகார் சொன்னார்கள், எச்சரிக்கையோடு விட்டோம். மூன்றாம் நாளும் ஏறினார். ஐந்தாம் மாடிக்காரர் ஒருவர் அவரைப் போட்டோ எடுத்துக் குடியிருப்பின் வாட்ஸ்ஆப் குரூப்பில் போட்டார். கையில் காய்கறிப் பையோடு, திடுக்கிட்ட முகத்தோடு ஒரு படம். கீழே, ‘செகரட்டரி மேடம், விதி இருக்கிறதா இல்லையா?’

எங்கள் கேட்டில் யார் உள்ளே வரலாம் என்று முடிவு செய்வது செல்போனில் இருக்கிற ஒரு ஆப்தான். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். பச்சை என்றால் வரலாம், சிவப்பு என்றால் முடியாது. நான் காபி குடித்துக்கொண்டே கோவிந்தம்மாவின் பெயரைத் தேடிப் பொத்தானைச் சிவப்பாக்கினேன். ஒரு விரல், ஒரு நொடி, அவ்வளவுதான்.

மறுநாள் காலை கேட்டில் செக்யூரிட்டி மஞ்சுநாத், “ஆகல்ல அக்கா”, முடியாது என்று கன்னடத்தில் சொல்லி அவரைத் திருப்பி அனுப்பியிருக்கிறார். ஐந்து வீட்டு வேலையும் அந்த இடத்திலேயே நின்றது. ஒரே வாரத்தில் இரண்டு வீடுகள் வேறு ஆள் பார்த்துக்கொண்டன.

ஜெனி என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன். தட்டில் இருந்த பிரெட்டைப் பார்த்துக்கொண்டே, “நீங்க எழுதினதுதானே மம்மி?” என்று மட்டும் கேட்டாள்.

அப்பாவின் டிபன் கேரியர்

என் அப்பா பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தவர் என்று மூன்று வாரத்துக்கு முன்னால் எழுதியிருந்தேன். அதில் ஒன்றை விட்டுவிட்டேன். வேண்டுமென்றேதான் விட்டேன்.

அந்த ஆலையில் ஷிஃப்ட் முடிந்தால் தொழிலாளிகள் எல்லாரும் கையைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும். வாட்ச்மேன் உடம்பைத் தடவிப் பார்ப்பார். ஆபீசர்களுக்கு வேறு கேட், அங்கே தடவல் கிடையாது. அப்பா வீட்டுக்கு வந்தால் அரை மணி நேரம் கை கழுவிக்கொண்டே இருப்பார். கிரீஸ் போகவில்லை என்று சிறுமியான நான் நினைத்துக்கொள்வேன்.

ஒருமுறை அவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சம்பளத்துக்காக இல்லை, இந்தச் சோதனையை நிறுத்தச் சொல்லி. கொடி, கோஷம், வெயிலில் பதினோரு நாள். தோற்றுப்போனார்கள். அதற்குப் பிறகு அப்பா, யாரும் கேட்பதற்கு முன்பே டிபன் கேரியரின் அடுக்குகளைத் திறந்து காட்ட ஆரம்பித்தார். என்னை ஒருநாள் அந்த வழியாகக் கூட்டிப்போனபோது கண்ணால் பார்த்தேன்.

அவர் பெற்ற பெண்தான் அந்த நோட்டீசின் இரண்டாவது பத்தியை எழுதினாள். எழுதும்போது அப்பா ஞாபகத்துக்கு வரவேயில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

விருந்தாளி ரேவதி

கோவிந்தம்மாவின் மகள் ரேவதி சட்டம் படிக்கிறவள். அம்மாவின் பாஸ் சிவப்பான மூன்றாம் நாள் ஜெனியைப் பார்க்க எங்கள் வீட்டுக்கு வந்தாள். கேட்டில் யார் என்று கேட்டார்கள். ஜெனி ஆப்பில் ‘விருந்தாளி’ என்று அமுக்கினாள். மஞ்சுநாத் சல்யூட் அடித்துக் கண்ணாடி லிஃப்டைக் காட்டினாராம்.

ரேவதி உள்ளே வந்து உட்கார்ந்ததும் சிரித்தாள். அம்மாவுக்கும் தனக்கும் ஒரே மூக்கு, ஒரே நிறம், இரண்டு பேர் காலிலும் ஒரே கடைச் செருப்பு. ஆப் என்ன சொல்கிறதோ அதை வைத்து லிஃப்ட் மாறுகிறது என்றாள். ஜெனி நிமிர்ந்து உட்கார்ந்தாள். பெற்றவளுக்குத் தெரியாதா, அந்தப் பார்வை வந்துவிட்டால் ஏதோ நடக்கப் போகிறது என்று அர்த்தம்.

எந்த வீட்டுக்காரரும் ஆப்பில் யாரை வேண்டுமானாலும் ‘தினசரி உதவியாளர்’ என்று சேர்க்கலாம். படமும் போன் நம்பரும் போதும், அட்டை வந்துவிடும். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் சேர்த்துக்கொண்டார்கள். எதிர்வீட்டுப் பையன் எங்கள் வீட்டுக்குப் பாத்திரம் துலக்குபவன் ஆனான். ஜெனி அவர்கள் வீட்டுச் சமையல்காரி ஆனாள். அட்டை கழுத்துக்கு வந்ததும், என் நோட்டீசை வரிக்கு வரி மதிப்பது என்று முடிவெடுத்தார்கள். ஒரு விதியைக்கூட மீறவில்லை. கோஷம் இல்லை, கொடி இல்லை.

முதலில் வேலைநிறுத்தம் செய்யலாமா என்று வேலைக்கு வரும் பெண்களிடம் கேட்டிருக்கிறார்கள். இருக்கிற வீடும் போய்விடும், நாங்கள் வர மாட்டோம் என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். ஆனால் என்ன வேண்டும் என்பதைத் தெளிவாகச் சொன்னார்கள். எல்லா லிஃப்டிலும் ஏற வேண்டும், பை சோதனை கூடாது, கோவிந்தம்மா பச்சையாக வேண்டும். ஒரு பையன் இதையெல்லாம் வீடியோ எடுத்து இணையத்தில் போட்டால் ஊரே பேசும் என்றான். ரேவதி தலையாட்டி மறுத்தாள்.

“எங்க அம்மா மூஞ்சி ஏற்கெனவே ஒரு குரூப்ல சுத்துனது போதும்.”

வீடியோ யோசனை அத்தோடு முடிந்தது.

ஒத்துழைக்குமாறு

இப்படித்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை வரிசை வந்தது. நான் மெட்ரோ பிடித்துப் பூசைக்குப் போனேன். பாவத்தை ஒப்புக்கொண்டு மார்பில் தட்டுகிற இடத்தில் கை கொஞ்சம் அழுத்தமாகவே விழுந்தது.

திங்கட்கிழமை நிஜமான கூத்து. பிள்ளைகள் ஆபீசுக்குக் கிளம்பினார்கள். அட்டை இருப்பதால் சர்வீஸ் லிஃப்டில்தான் இறங்க வேண்டும். கேட்டில் பையைத் திறக்க வேண்டும். லேப்டாப், சார்ஜர், டிபன் பாக்ஸ், குடை என்று ஒவ்வொன்றாக எடுத்து மேஜைமேல் வைத்தார்கள். மஞ்சுநாத் ஒவ்வொன்றையும் நோட்டில் எழுத வேண்டும், அதுதான் விதி. உதட்டைக் கடித்துக்கொண்டு எழுதினார். ஆபீஸ் வண்டிகள் ஹாரன் அடித்தபடி சாலை வரை நின்றன. ஒரு அப்பா ஓடி வந்து, இவன் என் பையன், விடுங்கள் என்றார். பையன் பொறுமையாக, நான் உதவியாளர் சார் என்றான்.

ஒரு தப்பும் செய்தார்கள். அன்று சர்வீஸ் லிஃப்டில் பிள்ளைகள் அடைத்துக்கொண்டதில், உண்மையிலேயே வேலைக்கு வந்த பெண்களுக்கு நேரமாகிவிட்டது. பாத்திரம் துலக்கும் அம்மாள் ஒருவர் ஜெனியை நிற்க வைத்து வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார். எங்க பொழப்பைக் கெடுக்கவா வந்தீங்க என்று. ஜெனி முகம் சுண்டிப்போய் வந்தாள். மறுநாளிலிருந்து எட்டரை மணி வரை அந்தப் பெண்களுக்கு வழி, அதன் பிறகுதான் பிள்ளைகளின் வரிசை.

இதற்கிடையில் ரேவதி சங்க விதிகளை ஒரே மூச்சில் படித்து முடித்திருந்தாள். என் நோட்டீஸ் கமிட்டியில் மட்டும்தான் நிறைவேறியது, பொதுக்குழுவுக்கு வரவேயில்லை. செகரட்டரியான எனக்கே அது உறைக்கவில்லை. வீட்டு உரிமையாளர்களில் நாலில் ஒரு பங்குப் பேர் கையெழுத்துப் போட்டால் சிறப்புப் பொதுக்குழுவைக் கூட்டியாக வேண்டும். பிள்ளைகள் யாரும் உரிமையாளர் இல்லை. ஆகவே ஒவ்வொருவரும் அவரவர் அப்பா அம்மாவிடம் கையெழுத்து வாங்க வேண்டும். சாப்பாட்டு மேஜைகளில் நடந்ததுதான் உண்மையான போராட்டம் என்று ஜெனி சொல்வாள். சில வீடுகளில் இரண்டு நாள் பேச்சுவார்த்தையே இல்லையாம்.

சனிக்கிழமை காலை காகிதக் கட்டு என் மேஜைக்கு வந்தது. கையெழுத்துகள் போதுமான அளவுக்கு மேலேயே இருந்தன. அதனடியில் இன்னொரு தாள். கூட்டத்தில் எனக்குப் பதிலாகப் பேசவும் கை தூக்கவும் வேறொருவரை நியமிக்கும் படிவம். உரிமையாளர் யாரை வேண்டுமானாலும் நியமிக்கலாம் என்று விதி இருக்கிறது. வீட்டு எண் 904 என்று ஜெனி நிரப்பியிருந்தாள். நியமிக்கப்படுபவர், கோவிந்தம்மா. கையெழுத்து இடம் மட்டும் காலி.

அதை வைத்துவிட்டு அவள் தன் அறைக்குப் போய்விட்டாள். காபி ஆறி ஆடை கட்டும் வரை அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கமிட்டியில் என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்ற யோசனைதான் முதலில் வந்தது, பொய் சொல்லக் கூடாது. பிறகு அப்பா டிபன் கேரியரைத் திறந்து நின்றது வந்தது. பேனாவை எடுத்தேன்.

904-க்காக ஒரு கை

கூட்டத்தன்று கோவிந்தம்மாவை ஆப்பில் ‘விருந்தாளி’ என்று நானே அமுக்கி வரவழைத்தேன். பச்சைக் கரை போட்ட சேலை கட்டி வந்திருந்தார். முட்டி வலியில் ஒரு பக்கம் சாய்ந்து நடந்தார். கிளப் ஹவுஸ் ஹால் நிரம்பி வழிந்தது. உரிமையாளர் இல்லாததால் பிள்ளைகள் கண்ணாடிச் சுவருக்கு வெளியே புல்தரையில் நின்றார்கள்.

இவர் எப்படி உள்ளே வரலாம் என்று ஐந்தாம் மாடிக்காரர் எழுந்தார். மேடையில் உட்கார்ந்திருந்த நான் படிவத்தைத் தூக்கிக் காட்டினேன். இது என் கையெழுத்து, விதிப்படி சரி என்றேன். அந்த நோட்டீசை எழுதியவளும் நான்தான், அது தவறு என்றேன். ஹாலில் ஒரு சலசலப்பு. தலைவர் தண்ணீர் குடித்தார்.

கோவிந்தம்மா எழுந்தார். மைக் வேண்டாம் என்றுவிட்டார். ரேவதி அவரோடு உள்ளே வர அனுமதி வாங்கியிருந்தோம், மொழிபெயர்க்க.

“நான் பதினாலு மாடி ஏறி வந்து பெல் அடிச்சா, ஏன் லேட்டுன்னு கேட்டீங்க. எப்படி வந்தேன்னு ஒருத்தரும் கேக்கல. முட்டி வலின்னு சொன்னா ஆயின்ட்மென்ட் குடுத்தீங்க. நல்ல மனசுதான், இல்லன்னு சொல்லல. லிஃப்ட் குடுத்திருந்தா ஆயின்ட்மென்ட்டே வேணாமே.”

அவ்வளவுதான் பேசினார். ரேவதி அதை இங்கிலீஷில் சொன்னாள். முப்பது வருடம் சிவப்பு மையோடு திரிந்த எனக்கு அதில் திருத்த ஒரு சொல் கிடைக்கவில்லை. பதினான்காம் மாடியில் அவர் சமைக்கும் வீட்டு அம்மாள் கைக்குட்டையை எடுத்தார்.

நோட்டீசை ரத்து செய்ய ஆதரவு தருபவர்கள் கை தூக்கலாம் என்று தலைவர் சொன்னார். எண்ணுவது செகரட்டரி வேலை. முதல் வரிசையில் 904-க்காக ஒரு கை உயர்ந்தது. விரல்களில் மஞ்சள் கறை, மணிக்கட்டில் பிளாஸ்டிக் வளையல். எண்ணிக்கையை அந்தக் கையிலிருந்துதான் தொடங்கினேன். பின்னால் ஒவ்வொன்றாக எழுந்தன. சிலர் வெளியே நிற்கும் பிள்ளையைத் திரும்பிப் பார்த்துவிட்டுத் தூக்கினார்கள். இரண்டு முறை எண்ணினேன். ஆறு கை அதிகம். ஜெயித்துவிட்டோம்.

நான் சொல்லி முடிப்பதற்குள் வெளியே புல்தரையில் ஒரே கூச்சல். கண்ணாடிச் சுவரே அதிர்ந்தது. ஹாலிலிருந்து வெளியே ஓடிய ரேவதியை ஜெனி தூக்கிச் சுற்றுவதை மேடையிலிருந்து பார்த்தேன். பதினோரு நாள் வெயிலில் நின்று அப்பாவுக்குக் கிடைக்காததை, இந்தப் பிள்ளைகள் ஒரு மஞ்சள் அட்டையை வைத்து வாங்கிவிட்டார்கள். மேடை என்றும் பாராமல் அழுதேன்.

அன்று மாலை கோவிந்தம்மாவின் பெயரைத் தேடிப் பொத்தானைப் பச்சையாக்கினேன். பிறகு என் வாழ்நாளிலேயே சின்ன நோட்டீசை எழுதினேன். ‘மூன்று லிஃப்டும் எல்லாருக்கும். பை சோதனை இல்லை.’ தமிழிலும் கன்னடத்திலும் இங்கிலீஷிலும் ஒட்டினோம். அழகாக இருக்கிறதா என்று யாரையும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை

காலையில் கேட்டுக்கே போய் நின்றேன். “ஹோகி அக்கா, ஹோகி” என்று மஞ்சுநாத் வழி விட்டார். சர்வீஸ் லிஃப்ட் வழக்கம்போல நின்றிருந்தது. நானும் கோவிந்தம்மாவும் கண்ணாடி லிஃப்டில் ஏறினோம். அவர் ஓரமாக, சுவரோடு ஒட்டி நின்றார். கையில் காய்கறிப் பை. பழக்கம் ஒரே நாளில் போகுமா?

ஐந்தாம் மாடியில் லிஃப்ட் நின்றது. கதவு திறந்தால் அவர்தான், போட்டோ எடுத்தவர். மொட்டை மாடியில் நடப்பதற்கான ஷூ, கையில் அதே போன். எங்களைப் பார்த்ததும் காலை முன்னே வைப்பதா பின்னே வைப்பதா என்று தெரியாமல் நின்றார். கதவு மூட ஆரம்பித்தது.

சுவரோரம் நின்ற கோவிந்தம்மா முன்னால் வந்து, கதவைத் திறக்கும் பொத்தானை அமுக்கிப் பிடித்துக்கொண்டார்.

“வாங்க சார். எடம் கீது. எந்த மாடி?”

அவர் உள்ளே வந்தார். மொட்டை மாடி என்றார், யாரையும் பார்க்காமல். கோவிந்தம்மா அதையும் அமுக்கினார். பிறகு பையைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணாடிப் பக்கம் திரும்பி, கொண்டையில் இருந்த கனகாம்பரத்தை நிதானமாகச் சரிசெய்துகொண்டார்.

ஒன்பதாம் மாடி வந்தது. நான் இறங்கவில்லை. பதினான்கு வரைக்கும் அவரோடு போனேன்.